லேபிளுக்கு அடியில் ஒரு சாம்பியன்

அமெரிக்காவில், சான் ரமோன் டென்னிஸ் கோர்ட்டில் உட்கார்ந்து மகளின் மட்டைப் பையில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டப்போனேன். அந்தப் பசை வாசனை என்னைத் திருச்சிக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பள்ளி திறக்கிற ஜூன் மாதம். அப்பா ஒரு சோவியத் பத்திரிகையைப் பிரித்து என் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போடுகிறார். மை வாசனை வீசும் வழவழப்பான தாளில், மட்டையை ஓங்கி எகிறுகிறாள் ஒரு பெண். “எஸ்தோனியாக்காரியாம். சோவியத் நாட்டுக்கே சாம்பியன்” என்றார் அப்பா.

அம்மா எட்டிப் பார்த்தாள். “ஐயோ, தொடை தெரியுதுங்க! ஸ்கூல் சிஸ்டர் பார்த்தா பிள்ளைய வெளிய நிறுத்திடுவாங்க.”

அப்பா படத்தை மாற்றவில்லை. பெயர் லேபிளை நாக்கால் நனைத்து, சரியாக அந்தக் குட்டைப் பாவாடைக்குக் கீழே ஒட்டினார். “இப்ப தெரியுதா?”

லேபிளில் ‘வசந்தி, ஏழாம் வகுப்பு’ என்று இருந்தது. அந்த வருஷம் முழுக்க வகுப்புக்கு அவள்தான் வசந்தி. அட்டையைப் பார்த்துச் சிரித்த விளையாட்டு டீச்சர், “நீயும் ஆடுவியா?” என்று என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார். இன்றைக்கும் நான் ஆடுகிறேன் என்றால், அப்பா நக்கி ஒட்டிய அந்த லேபிள்தான் காரணம்.

மகளின் கோச் எஸ்தோனியாக்காரர். அவரிடம் இதைச் சொன்னதும் படத்தில் இருந்தவள் யாரென்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எத்தனை கோப்பை ஜெயித்தும் சோவியத் அரசு அவளை வெளிநாட்டில் ஆட அனுப்பியது அபூர்வமாம்.

எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களே!

அவள் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டேன். ஸ்டிக்கரில் மகள் பெயருக்குக் கீழே அதையும் எழுதி ஒட்டினேன்.