மட்டக்கல்லும் டிலக்சனாவின் பயிற்சிக் கொப்பியும்

டிலக்சனாவுக்கு வாழ்க்கைப் பாதை காட்டுவதற்காக மூன்று வாகனங்களில் ஆட்கள் வந்தார்கள். வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட உள்ள அந்த ஊருக்குச் சனம் முகாமிலிருந்து திரும்பி வந்து நாலு வருடமாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைகளுக்கு இன்னும் கூரை இல்லை. வந்தவர்கள் கூரையைப் பார்க்கவில்லை. பதாகை கட்டுவதற்கு எந்தச் சுவர் தோது என்று பார்த்தார்கள்.

பதாகையில் "கற்றலையும் தொழிலையும் இணைப்போம்" என்று எழுதியிருந்தது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கும் பிள்ளைகள் இரண்டு கிழமை ஒரு வேலைத்தலத்தில் பழகவேண்டும். ஒவ்வொரு நாளும் கற்றதைப் பயிற்சிக் கொப்பியில் எழுதவேண்டும். கடைசியில் மேற்பார்வையாளர் கையெழுத்து வைப்பார். கையெழுத்துள்ள கொப்பி இருந்தால்தான் தொழில்நுட்பக் கல்லூரியில் எடுப்பார்கள். டிலக்சனாவுக்கு அந்தக் கல்லூரியில் நில அளவை படிக்கவேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

பெண் பிள்ளைகள் பதினொரு பேருக்கென்று ஒரு தனிப் பட்டியல் இருந்தது: தையல், கேக் அலங்காரம், அழகுக்கலை. உருவாக்கின பெருமூளை யாருடையதோ தெரியாது. ஊரில் கலியாணம் வருடத்துக்கு மூன்று நடக்கும். பதினொரு மணப்பெண் அலங்காரக்காரிகள் எதைத் தின்று சீவிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. டிலக்சனா மட்டும் மூன்று நாள் அதிபரின் கதிரைக்கு முன்னால் நின்று, குளத்து வாய்க்கால் திருத்தும் திட்டக் கந்தோருக்கு மாற்றி வாங்கினாள்.

அவளுடைய தமையன் தனஞ்சயன் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். மேசன் வேலை. பூச்சு முடிந்த சுவரைத் தடவிப் பார்த்து மறுபடி தடவுகிற சாதி. தங்கச்சி கந்தோருக்குப் போகிறாள் என்பதில் அவனுக்குப் பெரிய பெருமை. முதல் நாள் பின்னேரம் சைக்கிளில் கூட்டி வரப் போனபோது கேட்டான்:

"என்ன படிப்பிச்சவை?"

"பிளேன்ரீ எத்தனை பேருக்குச் சீனி இல்லாமல் எண்டு."

"அதுவும் ஒரு கணக்குத்தான்."

"பகிடி விடாத அண்ணா. கொப்பியில என்னத்தை எழுதுறது?"

நாலு நாள் தேநீர், போட்டோப் பிரதி, கோப்புக்குத் துளை. அவளுடைய மேற்பார்வையாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வின்சன்ட் சேர், நல்ல உடுப்புப் போடுகிறவர். சப்பாத்தில் சேறு பட்டதை ஒருவரும் கண்டதில்லை. ஐந்தாம் நாள் அவர் ஒரு பழைய புத்தகத்தையும் புதுப் படிவத்தையும் கொடுத்து, எண்களை அழகான எழுத்தில் பெயர்த்து எழுதச் சொன்னார். அழகான எழுத்து வாய்த்ததற்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த பரிசு அது.

எழுதிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள். புது வாய்க்கால் குளத்து மதகிலிருந்து கடைசி வயல்கள் வரை போகவேண்டும். மதகின் உயரம் சண்டைக்கு முந்திய பழைய புத்தகத்தில் இருந்தது. வயல்களின் உயரத்தைச் சேரின் ஆட்கள் புது றோட்டுப் பாலத்துக்குக் கிட்ட நிற்கிற, தன் உயரம் எண்ணாய் வெட்டப்பட்ட அரசாங்க மட்டக்கல்லிலிருந்து அளந்திருந்தார்கள். கல்லில் வெட்டிய எண்ணை நம்பி, வயல் மதகை விட ஆறு அங்குலம் பதிவு, தண்ணீர் தானாய் இறங்கி ஓடும் என்று முடித்திருந்தார்கள்.

அந்தக் கல்லை அங்கே நட்டது அவளுடைய அப்பா தம்பு.

பழைய பாலம் குண்டில் உடைந்து போனது. மீள்குடியேறின முதல் மாதம் தம்பு அந்தக் கல்லை இடிபாட்டுக்குள் கண்டார். அரசாங்கக் கல் அநியாயமாய்ப் போகக்கூடாது என்று மூன்று பேரைச் சேர்த்துத் தூக்கி, புது றோட்டின் மேட்டில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிமிர்த்தி நட்டார். சுற்றிச் சீமெந்தும் பூசினார். கல் பழைய இடத்தை விட உயர்ந்துவிட்டது. அதில் வெட்டியிருந்த எண் மட்டும் பழைய எண்தான். அந்தக் கல்லிலிருந்து அளந்தால் எந்த வயலும் இருப்பதை விடப் பதிவாகத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் டிலக்சனா தமையனிடம் கேட்டாள்: "உன்ர தண்ணிக் குழாயைத் தாறியோ?"

மேசன்மார் சுவரின் இரண்டு மூலைக்கு மட்டம் பார்க்கிற, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் அது. தனஞ்சயனுடையது அறுபது அடி; ஒரு காற்றுக் குமிழி தங்க விடமாட்டான். ஆறு வருடமாய்ப் பிடிக்கிறான், இரண்டு நுனியிலும் தண்ணீர் ஏன் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்கு அது பத்தாம் வகுப்பிலேயே தெரியும்; ஆனால் குழாயைக் கையால் தொட்டதில்லை. இரண்டையும் இணைக்க மூன்று வாகனம் தேவைப்படவில்லை.

சனியும் ஞாயிறும் மதகிலிருந்து கடைசி வயல்வரை ஐம்பது ஐம்பது அடியாய் இருபத்தாறு தரம் குழாயை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். முளை அடித்தார்கள், குறித்தார்கள். முடிந்ததும் அவன் சொன்னான்:

"இனித் திரும்பி அள."

"ஏன்? விடை வந்திட்டுது."

"சுவர் எண்டால் திரும்பிப் பாக்காமல் விடுவனோ?"

திரும்பி வந்ததில் அரை அங்குலம் வித்தியாசம். ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் கடைசி வயல் மதகை விட ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் உயரம். தண்ணீர் மேட்டில் ஏறவேண்டும். திங்கட்கிழமை டிலக்சனா கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினாள். அரை அங்குலத்தையும் எழுதினாள், அப்பாவையும் எழுதினாள்.

கடைசி நாள் தனஞ்சயன் நேரத்தோடு போய்க் கந்தோர் வாசலில் நின்றான். உள்ளே வின்சன்ட் சேரின் குரல் கேட்டது.

"தங்கச்சி, இந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சிட்டுத் தாரும். 'மிக நன்று' போட்டுத் தாறன்."

"கிழிச்சால் தண்ணி வருமோ சேர்?"

"தண்ணி உம்மடை வேலையில்லை. நீர் பயிற்சிக்கு வந்தனீர்."

"எங்கடை வயலும் அதுக்குள்ள இருக்கு சேர்."

"மேசன் குழாயை வைச்சு அரசாங்கத்துக்குக் கணக்குப் படிப்பிக்கிறீரோ? இருபது லட்சத்து மிசின் எங்களிட்டை இருக்கு!"

"மிசினைப் பிழை சொல்லேல்ல சேர். கல்லைத்தான் சொல்லுறன்."

அவள் கையெழுத்தில்லாத கொப்பியோடு வெளியே வந்தாள். சைக்கிளில் ஏறினாள். பிறகு, "அண்ணா, நான் கிழிச்சிருக்கலாமோ?" என்றாள்.

தனஞ்சயன் சைக்கிளை மிதித்தான். கல்லூரி அவனுக்குக் கிடைக்காத ஒன்று. அவளுக்கும் கிடைக்காமல் போவதை அவன் விரும்பவில்லை. "கிழிச்சால் நான் திரும்பி அளந்ததும் வீண்," என்றான்.

வீட்டில் தாய் பரமேஸ்வரி தகப்பனைப் பிடித்துக்கொண்டாள். "கல்லு நடத் தெரிஞ்ச மனுசனுக்கு வாய் திறக்கத் தெரியாதோ? போய்ச் சொல்லுங்கோ."

வயல்காரரெல்லாம் கூடுகிற கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தம்பு எழும்பி நின்றார். "நான்தான் நட்டனான். நல்லதுக்கெண்டுதான் நட்டனான். அது அளக்கிற கல்லெண்டு தெரியும், நிக்கிற உயரத்துக்கும் கணக்கிருக்கெண்டு தெரியாது," என்றார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் வாய்க்கால் ஒப்புதல் தாளில் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. அந்தக் கையெழுத்துகள் இல்லாமல் வேலை தொடங்க முடியாது என்பதால் சேர் மிசினோடு வந்தார். மதகில் தொடங்கி வயல்வரை அளந்து, நெற்றியைத் துடைத்தார். வாய்க்கால் தொடக்கத்தைக் குளத்தில் உயரமான இடத்துப் புது மதகுக்கு மாற்றினார்கள். அறிக்கையில் "கந்தோரின் மீள்சரிபார்ப்பில் கண்டறியப்பட்டது" என்று இருந்தது. கொப்பிக்குக் கையெழுத்து அப்போதும் வரவில்லை. சான்றிதழ் விழாவில் தேநீர் ஊற்றிய பிள்ளைகளுக்கெல்லாம் கைதட்டல் கிடைத்தது.

உயர்தரப் பரீட்சை முடிந்து, கல்லூரி விண்ணப்பத்தோடு அவள் கொப்பியை அப்படியே அனுப்பினாள். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது தமையன்தான் கூட்டிப் போனான். வெளி விறாந்தையில், திறந்த யன்னலுக்குக் கீழே இருந்தான்.

"கையெழுத்து எங்கை?" என்று விரிவுரையாளர் கேட்டது அவன் காதில் விழுந்தது.

"மேற்பார்வையாளர் ஒரு பக்கத்தைக் கிழிக்கச் சொன்னவர் சேர். நான் கிழிக்கேல்ல."

தாள் புரளும் சத்தம்.

"திரும்பி அளந்ததில அரை அங்குலம் பிழை எண்டு நீரே எழுதியிருக்கிறீர். மறைச்சிருந்தால் வடிவாய் இருந்திருக்குமே?"

"மறைச்சால் என்ர கணக்கை எவ்வளவு நம்பலாமெண்டு வாசிக்கிறவைக்குத் தெரியாது சேர்."

"இந்தக் கையெழுத்து இல்லாமல் எடுக்கிறதெண்டால் நான் மேல ஒரு கடிதம் எழுதவேணும்."

"ஓம் சேர்."

"எழுதுறன்."

இரண்டு மாதம் கழித்துப் பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். தனஞ்சயன் வேலைக்கு லீவு போட்டு, பஸ் பிடித்துப் போனான். நில அளவையில் ஒன்பதாவது பெயர் தம்பு டிலக்சனா. பெயரை வாசித்தான். அடையாள அட்டை இலக்கத்தோடு ஒத்துப் பார்த்தான். பிறகு கீழேயிருந்து மேலே எண்ணிக்கொண்டு வந்து, இன்னொரு தரம் பார்த்தான்.