பௌர்ணமியில் காட்டிய இடம்

எங்கள் ஓடையில் இறாலைக் கையால்தான் பிடிப்போம். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். பிடித்ததைப் போட, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்திருப்போம். வாயில் பறி இருந்தால் பேச முடியாது. கரையேறியதும் நான் சேர்த்துவைத்துப் பேசிவிடுவேன்.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் இருக்கும். அந்த ஓடையைத் தூர்த்துக் கட்டடம் எழுப்ப ஒரு கம்பெனி வந்தது. கரையோரம் உப்புத்தண்ணீரில் வளரும் கண்டல் மரங்கள் போகும். அதற்கு ஈடாக வேறிடத்தில் இரண்டு மடங்கு நட்டுத் தருகிறோம், இறாலும் அங்கே வரும் என்றார்கள். புது இடம் பழைய இடத்துக்குச் சமம் என்று ஒரு தாள். அதில் மகளிர் குழுத் தலைவி கையெழுத்துப் போட வேண்டும். தலைவி நான்தான். ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட கையெழுத்து அது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படிக்காமல் போடமாட்டேன்.

பௌர்ணமியன்று வேனில் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார்கள். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் மினுமினுத்தது.

"நம்ம ஓடைய வுட நல்லாருக்குதே அண்ணி, போட்டுடு" என்றாள் என் நாத்தனார்.

நான் குனிந்து சேற்றில் கையை விட்டேன். எங்கள் ஓடையில் முழங்கை வரைக்கும் இறங்கும். இங்கே மணிக்கட்டோடு நின்றுவிட்டது. விரலில் உமிரிச் செடியின் வேர் தட்டியது. உமிரி காய்ந்த உப்பு மேட்டில் முளைப்பது.

"சார், அஷ்டமிக்கு ஒரு தரம் வாங்க" என்றேன் கம்பெனி ஆபீசரிடம்.

அவர் சிரித்துவிட்டார். "அஷ்டமியில யாராவது கையெழுத்துப் போடுவாங்களாம்மா?"

"கையெழுத்துக்கு இல்ல சார். பௌர்ணமிக்கு கடத்தண்ணி எங்கதான் ஏறாது? அஷ்டமிக்கு ஏத்தம் கம்மி, அப்பவும் ஏறுதான்னு பாக்கணும்."

"தலைவி ஆனதுலேருந்து அண்ணிக்கு வாய் ஜாஸ்தி. அந்தப் பறிய எடுத்துக் கடிக்கக் குடுங்கடி" என்றாள் நாத்தனார். வேனில் வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். தரை வெடித்து, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது.

"எங்க தாள்ல எத்தன மரம்னுதாம்மா கேக்குறாங்க. தண்ணி, இறாலு எதையும் கேக்கல" என்றார் அவர். பொய் சொல்லாத மனுஷர்.

"கேக்கலன்னா இன்னா சார்? நீங்க எழுதுங்க."

எழுதினார். அஷ்டமியில் இங்கே தண்ணீர் ஏறாது, பழைய இடத்துக்கு இது சமமில்லை என்று. மேலே இருந்த 'சமம்' என்பதை அடிக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, கீழே என் பெயரைப் போட்டேன்.

அந்தத் தாள் எங்கே போனதோ தெரியாது. ஓடையைத் தூர்த்துவிட்டார்கள். புது இடத்தில் கன்று நட்டதும் நாங்கள்தான், கூலிக்கு. தண்ணீர் வருவதற்காக வெட்டிய வாய்க்காலின் ஓரத்தில் மட்டும் சில பிழைத்து நிற்கின்றன. அவற்றின்மேல் எனக்கென்ன கோபம்?

இறாலுக்கு இப்போது தூரத்து ஓடைக்குப் போகிறோம். போகிற வழியில் அந்தப் புது இடத்தில் குனிந்து சேற்றில் கையை விட்டுப் பார்ப்பேன்.

"எறங்குதா அண்ணி?" என்பாள் நாத்தனார்.

"மணிக்கட்டுதான்."