புளியங்குடிக்குப் போன பாரின் சென்ட்

போன ஞாயிற்றுக்கிழமை என் மூக்கு ஒரு கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது.

மச்சினன் செல்வத்துக்குப் புளியங்குடியில் பெண் பார்க்கப் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன ஆள். பதற்றம் வந்தால் சட்டை தொப்பலாகிவிடும். அதனால் சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் பேன்சி ஸ்டோரில் ஒரு சென்ட் வாங்கி வந்துவிட்டான். ஏதோ பெரிய வெளிநாட்டு சென்ட்டின் அச்சு அசல் காப்பியாம். பாட்டில், மூடி, எழுத்து எல்லாம் அதே மாதிரி... விலை மட்டும் நம்மூர் விலை!

"அத்தான், நீங்கதான் மோந்து பாத்துச் சொல்லணும்" என்றான்.

நீதிபதி பதவி சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க்கிடம் மஸ்கட் மருமகன் கொடுத்த ஒரிஜினல் இருந்தது. கெஞ்சிக் கேட்டேன்.

"மோந்துக்கிடும். ஆனா அமுக்கப்பிடாது, பாத்துக்கிடும்" என்று நிபந்தனையோடு நீட்டினார்.

அதன் மூடியை ஒரு தடவை, இதன் மூடியை ஒரு தடவை என்று கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். இரண்டிலும் ஜிலுஜிலுவென்று எலுமிச்சை வாசம்.

"ஒரு வித்தியாசமும் இல்ல மாப்ள. தைரியமாப் போடு."

போட்டான். கழுத்து, அக்குள், கர்ச்சீப்... பாதி பாட்டில் காலி. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டோம்.

பெண்ணின் அப்பா எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர். வாசலில் கைகூப்பி வரவேற்றவர், செல்வம் பக்கத்தில் வந்ததும் மூக்கை உறிஞ்சினார். முகம் மாறிவிட்டது.

"மண்டிக்குப் போயிட்டா வாரிய?"

"இல்லையே..." என்றேன்.

"எதுக்கு மறைக்கிய? போன வருசம் வந்தவியளும் இப்படித்தான். மொதல்ல மண்டியில போயி எங்களப் பத்தி விசாரிச்சாவ. எவனோ வேண்டாதவன் ஒண்ணச் சொல்ல, காப்பி குடிச்ச கையோட போயிட்டாவ. எங்கிட்ட நேர்ல கேட்டா என்ன?"

என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெண் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் செய்யாத விசாரணைக்குச் சட்டையே சாட்சி சொன்னால்? மூன்றாவது இடமும் போச்சு என்றே முடிவுகட்டிவிட்டேன்.

செல்வம்தான் வாயைத் திறந்தான்.

"மாமா, இது சென்ட். எனக்கு ரொம்ப வேர்க்கும். உங்க வீட்டுல வந்து நாறிரக் கூடாதேன்னு போட்டேன். பாரின் இல்ல... டூப்ளிகேட். அத்தான்தான் மோந்து பாத்து ஒரிஜினல் மாதிரியே இருக்குன்னாவ."

அவர் அவன் கையைப் பிடித்து, மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார். பழம் பார்க்கும் அதே நிதானம்.

"மேல எலுமிச்ச. அடியில மண்ணெண்ண" என்றார். "இதப் போயி பழம்னு நெனச்சேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

சிரித்துவிட்டார். உள்ளேயிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

டூப்ளிகேட் சரக்கை மூடியில் முகர்ந்து தீர்ப்பு சொல்லக் கூடாது சார். உடம்பில் ஏறி, பஸ்ஸில் ஏறி, வெயிலில் வேர்த்த பிறகு பார்க்க வேண்டும். மனுஷனுக்கும் அப்படித்தானோ? வேர்த்தபோதுதானே செல்வம் உண்மையைச் சொன்னான்!

பெண் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டாள், இரண்டே நிபந்தனைகளோடு. கல்யாணத்தன்று மாப்பிள்ளை சோப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்புறம்... மாலை வாங்க அத்தானை அனுப்பக் கூடாது.