ஷார்ஜா கம்பெனி எங்கள் அண்ணனுடையது

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த ஆவணியோடு ஓர் ஆண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கையாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். அடக்கமாக, அழகாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு காரியம் நடந்துவிட்டது. ஆகவே அடக்கம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பெரியம்மா மகன் இந்த மலருக்கு ஒரு முழுப்பக்க அஞ்சலி அனுப்பியிருந்தார். கோட்டும் சூட்டுமாக அவருடைய கலர் படம். அதன் கீழே, 'ஷார்ஜாவில் என் நிறுவனத்தில் பணியாற்றிய அன்புத் தம்பிக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. என் நிறுவனத்திலாம்! அச்சகத்துக்காரர் கொண்டுவந்து காட்டியபோது அண்ணி வாசித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அந்தப் பக்கத்தைத் தூக்கச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், படிக்க வேண்டிய வயதில் தகரம் வெட்டப் போனார். பிறகு பம்பாய். அங்கே பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகும் தகரக் குழாய்கள், டக்ட் என்பார்கள், அதைச் செய்யக் கற்றுக்கொண்டார். அந்தக் கைத்தொழிலோடு வளைகுடாவுக்குப் போனவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு ஷெட்டைப் பிடித்துச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டுவிட்டார். என் திருமணத்தை நடத்தி, என் வீட்டுக்காரருக்கும் அங்கேயே வேலை பார்த்துக் கொடுத்து, என்னை ஆபீஸில் டைப் அடிக்க உட்கார்த்தினார். ஆகவே இங்கே எழுதுவது எதுவும் கேள்விப்பட்ட கதை இல்லை. கண்ணால் பார்த்தது.

சொந்தம் என்றால் அந்த ஊரில் ஒரு விஷயம் உண்டு. காகிதத்தில் கம்பெனி உள்ளூர் அரபி ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். நமக்குப் பொறுப்பு நிற்கும் அவரைக் கஃபீல் என்பார்கள். எங்கள் கஃபீல் வயதானவர், நல்ல மனுசர். வருடத்துக்கு ஒருமுறை அவர் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கண்ணை மூடி துஆ செய்து வாழ்த்துவார். அண்ணனை 'என் மகனே' என்றுதான் கூப்பிடுவார். இன்னொரு விஷயம் விசா. அப்போதெல்லாம் எந்த விசா காலியாக இருக்கிறதோ அதில் ஏறிக்கொள்வதுதான் வழக்கம். வெல்டர் விசாவில் சமையல்காரர் இருப்பார், சமையல்காரர் விசாவில் டிரைவர் இருப்பார். ஆட்களுக்கெல்லாம் நல்ல விசாவாகக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஆபீஸ் பாய் விசாவைத் தன் பாஸ்போர்ட்டில் அடித்துக்கொண்டார் அண்ணன். "முதலாளி நானேதானே, என்ன எழுதியிருந்தா என்னட்டி?" என்று சிரித்தார். உலகத்தில் வேறு எந்த முதலாளியும் செய்யாத தப்பு அது.

பெரியம்மா மகன் அந்தச் சமயத்தில் துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில், மேலே ஒருவர் கீழே ஒருவர் படுக்கும் கட்டிலில் கிடந்தார். பட்டப்படிப்பு படித்தவர், அரபியும் பேசுவார். ஆனால் கட்டடச் சைட்டில் சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருந்தார். அண்ணன் நேரே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணன் தம்பின்னு எதுக்கு இருக்கோம்? நீங்க மேனேஜரா இருங்கண்ணே" என்றார். மலர் என்பதால் அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். வாயால் சொல்ல வேண்டியிருந்தால் வேறு மாதிரி சொல்வேன்.

அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் கட்டுகிற காலம் அது. தங்கள் நாட்டிலேயே எண்ணிக்கையில் சிறுத்துப்போனவர்கள் அந்த அரபிகள். அவர்கள் தொழில் தழைக்கட்டும் என்று, உள்ளூர்க்காரரே சொந்தமாக நடத்தும் கம்பெனிக்கு அரசாங்கம் ஒரு சான்றிதழ் கொடுத்தது. அது இருந்தால்தான் அரசு வேலைக்கு டெண்டர் போடலாம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சந்து முழுக்க எல்லாக் கம்பெனிகளும் எங்களைப் போலத்தான் இருந்தன. அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். அன்றைக்குக் கஃபீல் முதலாளி நாற்காலியில் உட்கார வேண்டும், உண்மையான முதலாளி எங்காவது மறைய வேண்டும்.

அண்ணன் மறையவில்லை. விசாவில் உள்ளபடியே ஆபீஸ் பாய் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏலக்காய் தட்டிப்போட்ட சுலைமானி டீயைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். கஃபீலுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தாடி ஆடியது. சான்றிதழ் வந்தது, பள்ளிக்கூட வேலையும் வந்தது. பெரியம்மா மகன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கஃபீல் காலமானார். மகன் பொறுப்புக்கு வந்தார். சின்னப் பையன், ஷெட் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பெரியம்மா மகன் ஓதியது அவர் காதில்தான்: கம்பெனியை நடத்துவது நான், பேப்பரைப் பாருங்கள், அந்த ஆள் வெறும் ஆபீஸ் பாய், உங்கள் தகப்பனாரை ஏமாற்றிக்கொண்டிருந்தான். பேப்பரும் அதையேதான் சொன்னது. ஒரு வாரத்துக்குள் அண்ணன் விசாவை கேன்சல் செய்துவிட்டார்கள்.

அன்று ஷெட்டில் ஆட்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு நின்றார்கள். அண்ணன் கெஞ்சவில்லை, கேட்டார்.

"ஏண்ணே, நான் உங்களுக்கு என்ன கொற வச்சேன்?"

பெரியம்மா மகன் அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டே சொன்னார்: "டீ போடுதவன் டீ போடுத வேலைய மட்டும் பாக்கணும் தம்பி. டிக்கெட் நானே எடுத்துத் தாரேன். ஊருக்குப் போயி ஒரு டீக்கட வையி."

அட பாவி! தூக்கிக்கொண்டு வந்த கையைக் கடித்தது போதாதென்று இந்த வார்த்தை வேறு. பெரியம்மா வயிற்றில் பிறந்த வாய்தானா அது என்று எனக்கு ஆறவே இல்லை. நானும் வேலையை உதறிவிட்டு வருவதாகச் சொன்னேன். அண்ணன் தடுத்துவிட்டார். "நீ அங்கயே இரு. அவனுக்கு டைப் அடிக்க ஆளு வேணும். எனக்கும் அங்க ஆளு வேணும்" என்றார். அப்போதுதான் அண்ணன் என்ன நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சந்தோசமாகப் போய் உட்கார்ந்தேன்.

சான்றிதழைப் புதுப்பிக்க அதிகாரிகள் வரும் நாள், அண்ணன் ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கு முன்பாகவே அமைந்தது. கடிதத்தை டைப் அடித்தவள் நான்தானே. அடித்த அன்று மாலையே எங்கள் வீட்டில் வைத்து அண்ணனிடம் தேதியைச் சொன்னேன். அவர் முதலில் போனது போர்மேன் கான் பாயிடம். அதிகாரிகள் முன்னால் உண்மையை உடைத்தால் கம்பெனியே போய்விடும், உங்கள் பிழைப்பும் ஆடும் என்று மறைக்காமல் சொன்னார். பட்டாணியர் அவர், மீசையைத் தடவிக்கொண்டு, "கரோ பாய், ஹம் தேக் லேங்கே" என்றார். செய்யுங்க, நாங்க பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். அண்ணி ஊரிலிருந்து போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கையில ஒண்ணும் மிஞ்சாதே?" அண்ணன் சொன்னார்: "மிஞ்சாது. அவன் கையிலயும் மிஞ்சாது." அண்ணி, "அப்ப சரி" என்று வைத்துவிட்டார். அப்பேர்ப்பட்ட மனுசி எங்கள் அண்ணி.

அந்தக் காலையில் பின்கதவைத் திறந்துவிட்டது இந்தக் கைதான். அண்ணன் அதே ஆபீஸ் பாய் சட்டையில் வந்து அடுப்பைப் பற்றவைத்தார். உள்ளே இளம் கஃபீல் முதன்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியம்மா மகன், டை கட்டிக்கொண்டு. வந்திருந்த இரண்டு அதிகாரிகளில் மூத்தவர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் இளம் கஃபீல் கை கழுவ எழுந்து, பாத்ரூம் என்று நினைத்து சாமான் அலமாரியைத் திறந்துவிட்டார். துடைப்பமும் வாளியும் அவர் காலில் விழுந்தன. மூத்த அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

அப்போதுதான் அண்ணன் தட்டோடு உள்ளே போனார். பெரியம்மா மகன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வெளுத்துப்போய், உதட்டை நக்கி நக்கி ஈரப்படுத்திக்கொண்டார்.

அதிகாரி, "இவர் யார்?" என்று கேட்டார்.

"ஆபீஸ் பாய்" என்று அவசரமாகச் சொன்னார் பெரியம்மா மகன்.

அண்ணன் ஒவ்வொருவர் முன்னாலும் கண்ணாடிக் கோப்பையை வைத்தார். பழைய கஃபீலிடம் பேசிப் பழகிய அரபியில், நிதானமாகச் சொன்னார்: "ஆமாம், பேப்பரில் நான் ஆபீஸ் பாய். இந்தப் பையன் மேல் தப்பில்லை, இவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இது இவர் கம்பெனி இல்லை. இந்த மேனேஜர் கம்பெனியும் இல்லை. என்னுடையது. நான் சம்பாதித்துக் கட்டியது. இந்தச் சான்றிதழ் பொய். பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. என்னையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்."

பிறகு பெரியம்மா மகன் பக்கம் திரும்பினார். அதுவரை வாழ்நாளில் 'அண்ணே' என்று தவிர அவரைக் கூப்பிட்டதில்லை.

"டீ ஆறுதுலே. குடி."

மூத்த அதிகாரி எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கலாஸ், முடிந்தது. கம்பெனியை மூடினார்கள். இளம் கஃபீல் தன்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டதாகப் பெரியம்மா மகன் மேல் கொதித்துப்போய், ஆட்கள் எல்லாருக்கும் வேறு கம்பெனிக்கு மாறக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அவர் ஒருவருக்கு மட்டும் போடவில்லை. அண்ணனை விசாரித்து, இனி இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று அனுப்பிவைத்தார்கள். வெறுங்கையோடு வந்து இறங்கிய அண்ணன் அண்ணியிடம் சொன்னது இதுதான்: "கம்பெனி போனது வருத்தம்தான். ஆனா அவன் மூஞ்சியப் பாத்தேன்லா, அது காணும் எனக்கு."

அதற்குப் பிறகு திருநெல்வேலியில் சின்னதாகத் தகர ஒர்க்‌ஷாப் வைத்து, பிள்ளைகள் இருவரையும் படிக்கவைத்து, யாருக்கும் தலைகுனியாமல் வாழ்ந்தார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர், கோயில் கொடைக்கு முதல் ஆளாக நிற்பவர் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பெரியம்மா மகனும் பின்னர் ஊருக்கு வந்து நிலம் வாங்கி விற்றுப் பெரிய மனிதராகிவிட்டார். கல்யாண வீடுகளில் 'பழசை மறந்துரு தம்பி' என்று கையைப் பிடிப்பார். அண்ணன் கையை உருவிக்கொள்வார். மன்னிப்பதுதான் பெருந்தன்மை என்று சில உறவினர்கள் சொன்னீர்கள். உங்கள் நாற்காலியில் எவனாவது உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசி நாட்களில் பக்கவாதம் வந்து அண்ணனுக்குப் பேச்சு போய்விட்டது. அப்போது ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்தார் பெரியம்மா மகன். வார்டில் நாலு பேர் பார்க்கக் கண்ணீர் விட்டார். அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு நல்லாயிருந்த கையைத் தூக்கி, கோப்பையை வாயில் வைப்பது போலக் காட்டி, வாசலைக் காட்டினார். அவர் பதறிப்போய் கேன்டீனிலிருந்து டீ வாங்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அண்ணன் அதை வார்டு துடைக்கிற அம்மாளுக்குக் கொடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அந்த அம்மாள் குடித்துவிட்டு, "சீனி காணாது" என்றாள். பேச்சில்லாத எங்கள் அண்ணன் உடம்பு குலுங்கச் சிரித்தார். நான் அவரிடம் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

அண்ணனைக் கடைசிவரை கைவிடாமல் பார்த்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் காரை எடுத்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், ஒர்க்‌ஷாப்பை ஒரு நாளும் பூட்டவிடாத ஆட்களுக்கும், எப்படியோ செய்தி தெரிந்து பெஷாவரிலிருந்து போனில் அழுத கான் பாய்க்கும், துக்கத்தில் எங்களோடு நின்ற உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பெரியம்மா மகனுக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறோம். அண்ணே, நீங்களும் திதிக்கு வரலாம். யாரும் தடுக்க மாட்டோம். சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று, இலை போடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுக்க மட்டும் இன்னும் யாரையும் வைக்கவில்லை. அந்த வேலையை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.