அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிறு

மனோகரன் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி பழைய வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் மதியச் சாப்பாட்டில் இருந்தேன். மாரடைப்பாம். உடனே இரங்கல்கள் குவிந்தன. “எங்களுக்கு அப்பா மாதிரி” என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்பா மாதிரிதான். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

செண்டாயான் தொழிற்சாலையில் அவரிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். லைனில் நிற்கும் புதுப் பிள்ளை மூச்சு முட்டித் தவித்தால், “போ லா, மூஞ்சிய கழுவிட்டு வா. நான் நிக்கிறேன்” என்று சூப்பர்வைசரான அவரே அந்த இடத்தில் நிற்பார். “மெஷின் சத்தம் மாறுனா ஓடி வர்றோம். பிள்ளைங்க சத்தம் மாறுனா எவன் வர்றான்?” என்று மேலாளரிடமே சண்டை போட்டவர். மனநல ஆலோசகர் ஒருவரை வரவழைத்ததும் அவர்தான்.

அந்த நம்பிக்கையில்தான் அவரிடம் வாய் திறந்தேன். வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடப்பதையும், கழிவறையில் நின்று அழுவதையும், சிரம்பானில் மருத்துவரிடம் மாத்திரை வாங்குவதையும் சொன்னேன்.

“மாத்திரைய மட்டும் விடாத மா” என்றார்.

“வீட்டுக்குத் தெரியக் கூடாதுண்ணே.”

“என் வாயிலேருந்து வராது.”

அந்த ஞாயிறே சுவா பக்கம் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்து வீட்டுக்கு ஆரஞ்சுப் பழப் பையோடு வந்துவிட்டார். நான் தேநீர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

“பைத்தியத்துக்குத் திங்கிற மருந்து என் வீட்டுல வேணாம்” என்று அப்பா மாத்திரைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். வேலைக்கும் அனுப்பவில்லை. கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார்கள். நான் படுக்கையை விட்டு எழ முடியாமல் போன பிறகுதான் மறுபடியும் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள்.

தேறியதும் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். “ஏண்ணே சொன்னீங்க?”

“ஒரே தோட்டத்துப் பிள்ள மா நீ. நாளைக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா ஒங்கப்பா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

கொஞ்சமும் கூசாமல் சொன்னார். நான் கெஞ்சிக் கேட்டதைவிட என் அப்பாவின் முகம் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது. அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனேன், அழவும் செய்தேன். கோபம் மட்டும் அடங்கவில்லை.

இப்போது வேறொரு தொழிற்சாலையில் நானும் சூப்பர்வைசர். ஷிப்ட் தொடங்கும் முன் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவேன். அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பழக்கம் ஒன்றைத்தான். அப்படிப் பார்த்து விசாரித்ததில்தான் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி என்னிடம் மனம்விட்டுப் பேசினாள். வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று அவளும் கேட்டுக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அவளுடைய அப்பா என்னை நிறுத்தி, “என் மக வேலையில எப்படிமா இருக்கா?” என்று கேட்டார்.

“நல்லா செய்யுறா மாமா. நாங்கல்லாம் இருக்கோம், பாத்துக்கிறோம்.”

என் அப்பாவிடம் நீங்களும் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அண்ணே.