பெரியவர் இருமல் நீக்கப்பட்டது

என் அம்மா முப்பத்தொரு வருடம் குழந்தைகளின் தொற்றுநோய் மருத்துவராக இருந்தார். ஊருக்கு அவர் சளி டாக்டர். எந்த இருமலுக்கு மருந்து வேண்டும், எது தானே போய்விடும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெரும்பாலும் தானே போய்விடும் என்பது முடிவு. இதைச் சொன்னதற்காகவே பல பெற்றோர் வேறு டாக்டரிடம் போனார்கள்.

குழந்தையின் மூச்சை முழு நிமிடம் எண்ணுவார். "அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கறவன் டாக்டர் இல்ல, கணக்கு வாத்தியார்" என்பார். பேருந்தில் முன் இருக்கைக் குழந்தையை எண்ணிக்கொண்டே இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுவார். வீட்டில் அப்பா கோபமாகப் பேசினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நிமிடம் முடிந்ததும், "இருபத்தெட்டு. கொஞ்சம் உட்காருங்க." அதன்பின் அப்பா எப்படிச் சண்டையைத் தொடர்வார்?

கடைசி ஆறு வருடம் இருமல்களை ஒலிப்பதிவு செய்தார். இருமலைக் கேட்டே நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதியது நான். ஒரே சிக்கல், மைக்கைப் பார்த்ததும் குழந்தைகள் இருமமாட்டார்கள். அதுவரை வார்டே அதிர இருமிய வாய் இறுக மூடிக்கொள்ளும். அதனால் அம்மா முதலில் தானே இருமிக் காட்டுவார். குழந்தை போட்டிக்கு இருமும். இரண்டும் பதிவாகிவிடும்.

"நான் இருமறது உன் புரோகிராமுக்கு இடைஞ்சலாடி?"

"ஆமாம்மா. நீதான் பெரிய இரைச்சல்."

"அப்ப தூக்கிப் போடு."

தூக்கிப் போட்டேன். சுருதியை வைத்துப் பெரியவரின் இருமலைப் பிரித்து, கழிவுக் கோப்புறைக்குத் தள்ளும் ஒரு வடிகட்டி. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு வரி வரும்: பெரியவர் இருமல் நீக்கப்பட்டது. வடிகட்டி பிசகாமல் வேலை செய்தது.

பிறகு அம்மா வீட்டிலும் இருமத் தொடங்கினார். கேட்டால், "நாளைக்கு ஒத்திகை" என்பார். சிரித்தோம். நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தபோது இரண்டு மாதம்தான் மீதி இருந்தது.

அவர் இறந்தபின் என் கைப்பேசியில் தேடினேன். அவர் குரல் எங்கும் இல்லை. குரல் செய்தி அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. மிச்சம் இருந்தது மருத்துவமனைக் கணினியின் கழிவுக் கோப்புறை மட்டும். ஆராய்ச்சி நின்றுவிட்டதால் அந்த மாதக் கடைசியில் அதை அழிக்கப்போகிறார்கள். பதினோரு நாள் இருந்தது. அதைக் கேட்டு மருத்துவமனையின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்தேன்.

குழுவின் குமாஸ்தா படிவத்தை எடுத்தார். "இருமினவங்க சம்மதக் கையெழுத்து வேணும் மேடம்."

"அவங்க இறந்துட்டாங்க."

"அப்ப அவங்க பெற்றோர் போடணும். இது குழந்தைங்க படிவம்."

"அவங்களுக்கு வயசு அறுபத்துமூணு."

"வயசு எழுத இடம் இருக்கு, எழுதிடலாம். பெற்றோர் இல்லன்னா பாதுகாவலர். நீங்கதானே? தடுப்பூசி எல்லாம் போட்டாச்சா?"

"ஊருக்கே அவங்கதான் போட்டாங்க."

"ஆம்னு போடறேன்."

இப்படியாக என் அம்மாவுக்கு நான் பாதுகாவலர் ஆனேன்.

குழு கூடி முடிவு செய்தது. நடிப்பு இருமல் மருத்துவத் தகவல் ஆகாது, கொடுக்கலாம். ஆனால் எல்லாமே நடிப்புதான் என்று ஒரு நிபுணர் சொல்லவேண்டும். நுரையீரல் பேராசிரியர் ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் என் அம்மாவைக் கேட்டார். அறிக்கை ஒரு பக்கம். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு இருமல் நடிப்பு. கடைசி இருநூற்றுப் பதினான்கு நிஜம்.

நிஜ இருமல் நோயாளியின் ரகசியம். அதைத் தர விதியில்லை. பாதுகாவலர் ஒரே ஒரு முறை, குமாஸ்தாவின் முன்னிலையில் கேட்கலாம். பிறகு அழிக்கப்படும்.

முதல் நிஜ இருமலின் தேதியைப் பார்த்தேன். நோய் தெரிவதற்கு ஏழு மாதம் முன்பு. என் நிரல் அதைக் கேட்டிருக்கிறது. பெரியவர் என்று ஒதுக்கியிருக்கிறது.

குமாஸ்தாவின் அறையில் உட்கார்ந்தோம். அவரும் கேட்டாக வேண்டும் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டார். அம்மா இருமினார். மறுபடி இருமினார். குமாஸ்தா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு கோடு. இருமலுக்குப் பின் சில நொடிகளைச் சேர்த்து வெட்டுவது என் நிரலில் நான் திருத்தாமல் விட்ட பிழை. நூற்று எழுபதாவது கோப்பில் அந்த நொடிகளில் ஒரு சிறுமி பேசினாள்.

"டாக்டர், உங்களுக்கும் சளியா?"

"ஆமாடி கண்ணு. உன்கிட்ட வாங்கினதுதான். திருப்பி எடுத்துக்கிறியா?"

"வேணாம். நீங்களே வச்சுக்குங்க."

குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பேனா கோடு போடவில்லை.

"இன்னொரு தடவை போடறேன் மேடம்."

"ஒரு தடவைதானே விதி?"

"நானும் கேட்டாதான் அது ஒரு தடவை. எனக்குச் சரியா காதுல விழல."

அந்தக் கோப்பு அவர் காதில் விழ ஆறு தடவை ஆயிற்று.