மீரான் அண்ணாச்சி தள்ளிப்போட்ட சமாதானம்

காலையில் லாட்ஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மீரான் அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டாராம். சாயங்காலத்துக்குள் தென்காசியில் அடக்கம் என்றார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. துபாயிலிருக்கும் மகன் அடுத்த மாதம் ஊருக்கு வருவதாக இருந்தான். இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனால்தான் என்ன?

குற்றாலத்தில் அவரோடு சீசன் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் மேனேஜர், நான் ரிசப்ஷன். சாரல் விழுந்துவிட்டால் ரூம் கிடைக்காதவன் கத்துவான், கிடைத்தவன் வெந்நீர் வரவில்லையென்று கத்துவான். வாங்கிய ஏச்சையெல்லாம் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் இறக்கிவைப்போம்.

ஒருமுறை சமையல் மாஸ்டரும் ரூம் பார்க்கிற செல்லையாவும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். யார்மேல் தப்பு என்று அண்ணாச்சி கேட்கவே இல்லை. ஒரு எண்ணெய்க் குப்பியைக் கையில் கொடுத்து இருவரையும் அருவிக்கு அனுப்பினார்.

"ஒருத்தன் முதுகுல ஒருத்தன் தேச்சுக் குளிச்சிட்டு வாங்கலே. பொறவு பஞ்சாயத்து வச்சிக்கிடலாம்."

திரும்பி வந்தவர்களுக்குப் பசிதான் இருந்தது. ஒரே இலையில் புரோட்டாவைப் பிய்த்துப்போட்டுத் தின்றார்கள். இப்படி எத்தனையோ பேரை அவர் அருவிக்கு அனுப்பியிருக்கிறார்.

சொந்த வீட்டில் அது நடக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் எதிர்த்துப் பேசிய மகனை, சொந்தக்காரர்கள் பார்க்கக் கைநீட்டிவிட்டார். அவன் சொல்லிக்கொள்ளாமல் துபாய் போனான். அதற்குப் பிறகு தாயாருக்கு மட்டும்தான் போன் செய்வான். அந்த அம்மா ஸ்பீக்கரில் போடுவார். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார், வாயைத் திறக்கமாட்டார். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். பேசித்தான் தொலையுங்களேன் என்று சண்டையும் போட்டிருக்கிறேன்.

"போன்ல பேசுனா சண்டை பெருசாவும்லே. ஆளு நேர்ல வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

இரண்டு பேரை ஓரிடத்தில் சேர்க்காமல் எந்தச் சண்டையும் தீராது என்பது லாட்ஜில் அவர் கற்ற பாடம். அதையே மகனுக்கும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். பாழாய்ப்போன பிடிவாதம். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

மகன் மறுநாள்தான் வந்து சேர்ந்தான். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. கபர்ஸ்தானுக்கு அவனோடு நான் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நீ பேசும்போதெல்லாம் வாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார் என்றேன்.

"தெரியும் மாமா" என்றான். "இருமுவாவ. அது கேக்கணும்னுதான் உம்மாட்ட போனை வைக்காம இழுத்து இழுத்துப் பேசுவேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரிடமிருந்து பொறுமை மிஞ்சியிருக்கும். எனக்கு மிஞ்சியது அந்த இருமல். வீட்டில் யாரோடாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அது காதில் விழுகிறது. எழுந்துபோய்ப் பேசிவிடுகிறேன்.